மூவரும் வருகிறோம்

பாளையங்கோட்டை
12 அக்டோபர் 1912

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் தேவசிகாமணிக்கு அப்பாத்துரை எழுதுவது. தேவகிருபையால் இங்கே நாங்கள் நலம். உம் தங்கை சாரத்துக்கு மட்டும் மழைக்கால இருமல் விட்டபாடில்லை. உமது பல்வலியும் எலிசபெத்தின் முழங்கால் பிடிப்பும் எப்படி இருக்கின்றன?

உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வருகிற ஜனவரியில் வழக்கம்போல் தூண்டிலும் வண்டியுமாகக் கடற்கரைப் பயணம் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர். அதைச் சத்தமாக வாசித்ததுதான் தாமதம், சாரம் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். தம்பி இஸ்ரவேலைக் கடலுக்குக் கொடுத்தவள் வேறென்ன செய்வாள்? போன ஜனவரியில் நாம் மூன்று பேராகப் போனோம். மணப்பாட்டுப் பாறையில் இஸ்ரவேலின் தூண்டிலையும் துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேராகத் திரும்பினோம். சோற்றுப்பானையை இறக்கிவிட்டு நான் அவனைக் கூப்பிடப் போன அந்தப் பகல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவன் இல்லாத சாப்பாட்டில் ருசி என்ன இருக்கிறது? மீனைத் தின்று, முள்ளை இலையோரத்தில் பெரிசு முதல் சிறிசு வரை வரிசையாக அடுக்கி வைப்பானே, சாரம் அவனைக் "கணக்குப்பிள்ளை" என்று கேலி செய்வாளே. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மருந்துப் புட்டி அடுக்குகிற பழக்கம் இலையிலும் விடவில்லை என்பேன் நான். வேறெங்காவது போவோமே. பாபநாசத்துக்கு மேலே நல்ல மீன் உண்டு. அந்தப் பாறைக்கு ஏன் மறுபடியும்? யோசித்து எழுதும்.

எல்லாருக்கும் எங்கள் அன்பு.
உமது மைத்துனன்
அப்பாத்துரை


சாத்தான்குளம்
4 நவம்பர் 1912

அன்புள்ள மைத்துனர் அப்பாத்துரைக்குத் தேவசிகாமணியின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். பல்லைப் பிடுங்கியாயிற்று. சாரத்துக்குத் தூதுவளைக் கஷாயம் போட்டுக் கொடும்.

மீனுக்காக இல்லை. சாரத்திடம் மீனுக்கு என்றே சொல்லிக்கொள்ளும்.

இஸ்ரவேலின் மனைவி சாலோமியின் தகப்பனார் எலியேசர் வந்திருந்தார். மகளைக் கூட்டிப்போய், மனைவியை இழந்த ஒரு வாத்தியாருக்கு மறுவிவாகம் செய்துவைக்க எண்ணம். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், எனக்கும் தெரியும். ஆனால் நம்முடைய சபை ஐயர், "சரீரம் கிடைக்கவில்லை. புருஷன் மரித்தான் என்று அந்தப் பெண் தன் வாயால் சொல்லாமல் நான் கோயிலில் விவாக அறிக்கை வாசிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயமே.

சாலோமியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "போயிட்டு வாரேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு, அத்தான். போறேன்னு சொல்லலியே. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா, வந்து எங்கன போயித் தேடுவாரு?"

இருபது வயசுப் பெண், மைத்துனரே. எங்கள் வீட்டு வாசற்படியைப் பார்த்தே கிழவியாகிவிடுவாள் போலிருக்கிறது. நானும் எலிசபெத்தும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக் கைகழுவ வேண்டியிருக்கிறது. கடற்கரையில் ஏதாவது ஒதுங்கியதா, யாராவது கண்டார்களா என்று ஊர் ஊராகக் கேட்கவேண்டும். கடல் ஜனங்கள் கார்டுக்குப் பதில் எழுதுகிறவர்கள் அல்ல, முகம் பார்த்தால்தான் பேசுவார்கள். ஆகையால் தங்கும் இடங்களைப் பழையபடியே வையும்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.
தேவசிகாமணி


பாளையங்கோட்டை
2 டிசம்பர் 1912

அன்பு மைத்துனருக்கு. இங்கே மழையும் சுகமும் சரிசமமாக இருக்கின்றன. ஆறு கரை புரண்டு ஓடி இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அங்கே பனங்காட்டில் மழை உண்டா?

உமது கடிதத்துக்குப் பிறகு நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஏற்பாடெல்லாம் முடிந்தது. முதல் தங்கல் ஸ்ரீவைகுண்டத்தில் நெல்லையப்பனின் வாழைத்தோட்டம். அணைக்குக் கீழே கெளுத்தி நன்றாக விழும். அடுத்தது கொற்கை, மாரிக்கண்ணுவின் வீடு. அங்கே குளத்தில் விரால். பிறகு காயல்பட்டினத்தில் நூர்முகம்மது அண்ணாச்சி. கழிமுகத்து மடவையை அவர் வீட்டுப் பெண்கள் வைக்கும் ஆணக் குழம்புக்காகவே நான் சுன்னத்து செய்துகொள்வேன் என்று இஸ்ரவேல் சொல்லுவான். ஐயரிடம் இதைச் சொல்லிவிடாதேயும். கடைசியாக மணப்பாட்டில் மீன்காரர் கொஸ்தான். திரும்புகையில் ஜனவரி பதினேழாம் தேதி மத்தியானம் சாத்தான்குளத்தில் உமது வீட்டுச் சாப்பாடு.

எல்லா இடத்துக்கும், உமது வீடு உட்பட, கார்டு போட்டுவிட்டேன். பெட்டியில் போன வருஷத்து நகல் இருந்தது. தேதியை மட்டும் மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். கோர்ட்டில் நகல் எழுதியே கை தேய்ந்தவன் நான். புதுசாக ஒரு வரி எழுது என்றால் பேனா சண்டிமாடு மாதிரி படுத்துக்கொள்கிறது.

வண்டிக்குப் பழைய கருத்தையாதான். நீர் ஐந்தாம் தேதியே இங்கே வந்துவிடும்.

அன்புடன்
அப்பாத்துரை


சாத்தான்குளம்
28 டிசம்பர் 1912

மைத்துனருக்கும் தங்கைக்கும் கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்துதல். சுகம், சுகமறிய ஆவல்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருகிறாராம். தேதி சொல்லமாட்டார்களாம். வாத்தியார் உத்தியோகம் புலிவால் பிடித்த கதை. நீர் புறப்பட்டுப் போம். விசாரிப்பதை நீரே விசாரியும். முடிந்தால் மணப்பாட்டில் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

உமது கார்டு வந்தது. சாலோமிதான் வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வேறு விசேஷம் இல்லை.
தேவசிகாமணி


ஸ்ரீவைகுண்டம்
7 ஜனவரி 1913

அன்புள்ள மைத்துனருக்கு. நான் நலம், மாடுகள் நலம், கருத்தையாவும் நலம். உங்கள் சுகத்துக்குப் பதிலைக் காயல்பட்டினத்துக்கு, நூர்முகம்மது அண்ணாச்சி மேல்பார்வை என்று விலாசமிட்டு எழுதும்.

ஒரு பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டேன். இன்று மத்தியானம் நெல்லையப்பன் வீட்டில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனால், மூன்று இலை போட்டிருக்கிறது. வண்டிக்காரனுக்கு வாசலில் வேறு. "கூட ஒருத்தரும் வரலியா? கம்பவுண்டர எங்க?" என்று கேட்கிறார். நீர் வராததைச் சொன்னேன். "அப்பவும் கணக்கு இடிக்கே. மூவரும் வருகிறோம்னு உம்ம கையெழுத்துல போட்டிருக்கு. நீரு ஒண்ணு, வாத்தியார் ஒண்ணு, கம்பவுண்டர் ஒண்ணு" என்று கார்டை நீட்டுகிறார். வாங்கிப் பார்த்தேன். தேதியைத்தானே மாற்றினேன்? "மூவரும்" என்பதை மாற்றவில்லை! ஐந்து கார்டிலும் அதேதான். ஈயடிச்சான் காப்பி என்று பையன்களை நீர் திட்டுவீரே, உம் மைத்துனன் அதற்கும் மேலே போய்விட்டான்.

இந்த ஊர்களில் ஒருவருக்கும் இஸ்ரவேல் செய்தி தெரியாது. நாம் போன வருஷம் மணப்பாட்டிலிருந்து நேரே உங்கள் ஊருக்கல்லவா வந்துவிட்டோம். விஷயத்தைச் சொல்லி அழுதேன். நெல்லையப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உமது இலையைச் சுருட்டி வைத்தார், இஸ்ரவேலின் இலையைத் தொடவில்லை. "சாகாதவன் இலைய எடுக்கலாம். செத்தவனக் கூப்பிட்டு இலை போட்டா வெறும் இலையா எடுக்கப்பிடாது வே" என்று சோறும் கெளுத்திக் குழம்பும் அதில் பரிமாறச் சொன்னார். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும், அந்த இலையை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் ஆற்றில் விட்டார். "தாம்பிரவருணி கடலுக்குத்தானே போகுது. அங்கன போயிச் சேரட்டும்" என்றார்.

நானும் பக்கத்தில் நின்றேன். தடுக்கத் தோன்றவில்லை. இலை கவிழவே இல்லை. நடு ஆற்றுக்குப் போய் நேரே கிழக்கே திரும்பிற்று. மற்ற இடங்களுக்குத் திருத்தி எழுதட்டுமா? என்ன சொல்லுகிறீர்?

கலக்கத்துடன்
அப்பாத்துரை


சாத்தான்குளம்
9 ஜனவரி 1913

மைத்துனருக்கு. சுகம்.

திருத்த வேண்டாம்.

செத்தவர்களுக்கு இலை போடுவதை என் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற அன்று எங்கள் வீட்டில் நிறுத்தினோம். உமது பேனா அதை மறுபடியும் தொடங்கி வைத்துவிட்டது. ஜெபம்பண்ணிக்கொள்ளும், நானும் ஜெபிக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். என்னால் வரமுடியாது. இதைச் சாரத்துக்கு எழுதவேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதேயும். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றில் விட்ட ஓர் இலை கடலில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

தேவசிகாமணி


காயல்பட்டினம்
11 ஜனவரி 1913

மைத்துனரே, சுகம் விசாரிக்கவும் கை நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளும். உமது கேள்விக்கு நான் சிரிக்கவில்லை.

கொற்கையில் நாங்கள் போய் இறங்கும்போது உச்சிப்பொழுது. மாரிக்கண்ணு வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுடலைவடிவு எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. கம்பவுண்டர் தம்பி முன்னாலயே வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாகளே! நல்ல பசி போலருக்கு. ரெண்டு தரம் சோறு வாங்குனாக" என்றாள்.

எங்கே அந்த இலை என்று கேட்டேன். தொழுவத்து ஓரத்தில் கிடந்தது. விரால் முள், மைத்துனரே. இலையின் ஓரத்தில் பெரிசு முதல் சிறிசு வரை வரிசையாக இருந்தது. நானும் கருத்தையாவும் குனிந்து நின்று பார்த்தோம்.

"ஒண்ணுதான் புரியல" என்றாள் சுடலைவடிவு. "கால் கழுவுன தண்ணி வாசல் பள்ளத்துல கெடந்துச்சு. ஆட்டுக்குட்டி வாய வச்சிட்டுத் துப்புது. நான் தொட்டு நாக்குல வச்சா, உப்பு. எங்க கெணத்துத் தண்ணி கல்கண்டுல்லா?" போகும்போது என்ன சொன்னான் என்று கேட்டேன். "வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாக. வேற என்ன சொல்லுவாக?"

பயந்தேன். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வேறொரு எண்ணம் வந்தது. உயிரோடு இருந்தால்? அலை அவனை எங்காவது கொண்டுபோய்ப் போட்டு, புத்தி தடுமாறி, இப்போதுதான் வழி தெரிந்து வருகிறான் என்றால்? செத்தவன் இரண்டு தரம் சோறு வாங்குவானா? கருத்தையாவிடம் மாட்டை விரட்டச் சொன்னேன். அவன் சாட்டையைத் தொடவே இல்லை. "முன்னால போறவர முந்தப்பிடாது அண்ணாச்சி. பைய போவோம்" என்றுவிட்டான். அடித்தாலும் அவன் கேட்டிருக்கமாட்டான்.

இங்கே வந்தால் இதே கதை. நூர்முகம்மது அண்ணாச்சி தம் வாயால் சொல்லுகிறார்: "உங்க மச்சினன் நேத்து மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு நான் வரும்போது வாசல்ல நின்னாரு. இளைச்சுட்டாரு. உடுப்பெல்லாம் ஈரம். மழை ஏது இப்ப? மாத்துத் துணி தாரேன்னேன், வேண்டாம், வீட்டுல இருக்குன்னாரு. சாப்பிட்டாரு. அவங்க பின்னால வாராங்க, நான் முன்னால போகணும், வீட்டுல எனக்காகக் காத்திருக்காங்கன்னாரு." அண்ணாச்சி பொய் சொல்லுகிற மனுஷர் அல்ல. தட்டைக் கழுவாமல் வைத்திருந்தார்கள். மடவை முள் வரிசையாக இருந்தது.

தூண்டிலை அவிழ்க்கவே இல்லை. மணப்பாட்டுக்குப் புறப்படுகிறேன். அவன் உயிரோடிருந்தால் சாலோமி காத்திருந்ததுதான் சரி, நாம்தான் பாவிகள். இல்லையென்றால் என்ன என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. உடனே மணப்பாட்டுக்குப் பதில் எழுதும். சாலோமியிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதேயும்.

அப்பாத்துரை


மணப்பாடு
15 ஜனவரி 1913

பிரியமுள்ள மைத்துனருக்கு. உடம்பு சுகந்தான். உமது பதில் இங்கே வந்திருக்கவில்லை. இன்று வந்து இறங்கியதும் தபால்காரனை வழிமறித்துக் கேட்டுவிட்டேன்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியும்.

கொஸ்தான் வீட்டில் எனக்கு ஒரே ஒரு இலைதான் போட்டிருந்தது. மூவர் என்று கார்டு வந்ததே என்றேன். "கார்டுல என்ன வேணா எழுதலாம். நான் கடலப் பாத்த ஆளு" என்றார். இங்கே முன்னால் யாரும் வரவுமில்லை, சாப்பிடவுமில்லை. சாப்பாடு முடிந்ததும் என்னைச் செம்மணல் தேரிப் பக்கம் அழைத்துப்போனார். அங்கே ஒரு மணல்மேடு, பனைமட்டையில் ஒரு சிலுவை.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு சரீரம் தெற்கே ஒதுங்கிற்றாம். முகம் தெரியவில்லையாம். இவர்களே ஜெபம் சொல்லி அடக்கம் செய்திருக்கிறார்கள். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். கொஸ்தான் கோபப்படவில்லை. "கடல் தந்தத நாங்க ஊர் ஊராப் போயிச் சொல்லமாட்டோம். தப்பான வீட்டுல போயி எழவு சொன்னா, அந்த வீட்டு ஆளயும் கடல் கேக்கும். தேடி வாறவங்க கையில குடுப்போம். நீங்க இன்னைக்குத்தானே வந்திருக்கிய?" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஆஸ்பத்திரி மருந்து அலமாரிச் சாவி. அரைஞாணில் கட்டியிருந்ததாம். துருப்பிடித்திருந்தாலும் வளையத்தில் அவன் சுற்றிவைத்த பச்சை நூல் கொஞ்சம் இருக்கிறது. சாவி கிடைக்காமல் அந்த அலமாரியை உடைத்துத் திறந்தார்களே, நீரும் நானும் நின்று பார்த்தோமே. நம்முடைய இஸ்ரவேல் பத்து மாசமாக இந்த மணலுக்குள்தான் கிடக்கிறான். முழங்காலிட்டு, குழந்தை மாதிரி அழுதேன்.

அப்படியானால் கொற்கையில் சாப்பிட்டது யார்?

மைத்துனரே, எனக்கு ஒன்று மட்டும் விளங்குகிறது. எங்கெல்லாம் இலை போட்டுக் காத்திருந்தார்களோ அங்கெல்லாம் வந்தான். இங்கே போடவில்லை, வரவில்லை. இனி ஒரே ஒரு கார்டு பாக்கி இருக்கிறது. அது உமது வீட்டுக் கார்டு. பதினேழாம் தேதி மத்தியானம், மூவரும் வருகிறோம்.

கெஞ்சிக் கேட்கிறேன், சாலோமியை மூன்றாவது இலை போடவிடாதேயும். அவள் அவனைப் பார்த்துவிட்டால், பிறகு யார் கூப்பிட்டாலும் அந்த வாசலை விட்டு வரமாட்டாள். அந்தப் பெண்ணை நாம் இழந்துபோவோம். வலது மாட்டுக்குக் குளம்பில் முள் ஏறி நொண்டுகிறது, நான் பதினேழுக்குள் வந்துசேர முடியாது. இந்தக் கடிதத்தைக் குலசேகரன்பட்டினத்தில் தபாலில் சேர்க்கக் கொஸ்தானின் ஆளை ஓடவிடுகிறேன். நேரத்துக்கு வந்துசேரவேண்டும், கர்த்தாவே.

அப்பாத்துரை


சாத்தான்குளம்
20 ஜனவரி 1913

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் அப்பாத்துரைக்கு. நாங்கள் எல்லாரும் சுகம். உம் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். மாட்டின் குளம்பில் வேப்பெண்ணெய் போடும்.

உமது கடிதம் பதினேழாம் தேதி சாயங்காலம் வந்தது.

காயல்பட்டினத்துக் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்பீர். எழுத என்னால் முடியவில்லை. கார்டு வந்த அன்றே சாலோமி அதை அடுக்களைச் சுவரில் பொருத்திவைத்துவிட்டாள். பொங்கலுக்குப் பக்கத்து வீடுகளில் வெள்ளையடித்தபோது இவளும் எங்கள் வீட்டுக்கு அடித்தாள். இஸ்ரவேலின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். கார்டு தவறாக எழுதினது என்று சொல்ல நானும் எலிசபெத்தும் எத்தனையோ தரம் வாயைத் திறந்தோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பாட்டுப் பாடிக்கொண்டு அரைக்கிறாள், மைத்துனரே. அதை எப்படி நிறுத்துவேன்? உமது கடிதம் காலையிலேயே வந்திருந்தாலும் நான் தடுத்திருப்பேனோ என்னவோ.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எலிசபெத் கோயில் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். சாலோமி சீலாமீன் குழம்பு வைத்து, மூன்று இலை போட்டு, கார்டில் இருந்தபடி மத்தியானம் காத்திருந்தாள்.

நான் வந்தபோது இரண்டு இலை வெறுமையாக இருந்தது. மூன்றாவது சாப்பிட்ட இலை. ஓரத்தில் முள் வரிசையாக இருந்தது. புழக்கடை வாசல் வரைக்கும் தரை ஈரம். கொடியில் அவன் சட்டை இல்லை. சாலோமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. அவள் மடியில் தாலி கழற்றி வைத்திருந்தது.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"வந்தாரு, அத்தான். குழம்புல புளி கூடன்னு சொன்னாரு. எப்பவும் சொல்லுததுதான். சாப்பிட்டுக் கைய கழுவிட்டு, சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டாரு. வாசல்ல நின்னு என்னையப் பார்த்து, போறேன்னாரு. வாரேன்னு சொல்லுங்கன்னு கையப் புடிச்சேன். கை குளுந்து கெடந்துச்சு. சொல்லல. போறேன் சாலோமின்னு மறுபடியும் சொல்லிட்டுப் போயிட்டாரு."

உமது கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சாவியைப் பற்றியும் மணல்மேட்டைப் பற்றியும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள், ஆச்சரியப்படவில்லை. அந்த இடத்தில் ஒரு கல் வைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஏற்பாடு செய்துவிட்டு வாரும். இனிமேல் பழைய நகலைப் பார்த்து யாருக்கும் கார்டு எழுதாதேயும். இருக்கிறவர்களை எண்ணிப் பார்த்து எழுதும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளே ஐயர் முன்னால் போய் நின்றாள். வெறுங்கழுத்தைப் பார்த்து ஐயர் திகைத்துப்போனார். "இஸ்ரவேல் மரித்தான் என்று உனக்கு நிச்சயமா அம்மா? உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"அவுகதான், ஐயரே" என்றாள். "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாக."

உமது மைத்துனன்
தேவசிகாமணி